மூச்சை அளந்த மேதை

மூட்டை தூக்கினால் மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், ஏறி உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் இளைக்கிறது.

ஏன்?

நின்ற பிறகும் இளைப்பானேன்? ஒருவன் நூறு படி ஏறியும் சிரித்துப் பேசுகிறான். இன்னொருவன் இருபது படியில் உட்கார்ந்து விடுகிறான். இந்த வித்தியாசத்தை அளந்து பார்க்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் அல்ல. பயில்வானும் அல்ல. கணக்குப் படித்தவர்! அவர் பெயர் ஆர்ச்சிபால்டு விவியன் ஹில். நீளமான அந்தப் பெயர் அவருக்கே பிடிக்காது. நம் ஊர் வழக்கம் போல முதல் எழுத்துகளை மட்டும் வைத்து "ஏ.வி." என்றே எல்லோரும் அவரை அழைத்தார்கள்.

புழல் ஏரிக்கரைப் பக்கம் காலையில் நடப்பவர்களுக்கும், செங்குன்றத்து அரிசி ஆலைகளில் மூட்டை சுமப்பவர்களுக்கும், காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் பெண்களுக்கும் அவருடைய கண்டுபிடிப்பு பயன்படும். அவர் நம் நாட்டுக்கும் வந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

அவருடைய கதையைப் பார்ப்போம்.

தகப்பன் இல்லாத வீடு

1886-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, இங்கிலாந்தில் உள்ள பிரிஸ்டல் என்ற துறைமுக நகரத்தில் ஹில் பிறந்தார். தகப்பனார் மர வியாபாரி.

ஹில்லுக்கு மூன்று வயது ஆனபோது தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் தனியாக நின்று ஹில்லையும் அவர் தங்கையையும் வளர்த்தார். முதலில் தாயாரே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

கஷ்டம் உண்டு, ஆனால் படிப்பு நிற்கவில்லை. ஹில் உதவிச் சம்பளம் பெற்று நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே இரண்டு விஷயங்களில் அவருக்கு ஆசை பிறந்தது. ஒன்று கணக்கு. மற்றொன்று ஓட்டம்!

கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிடி கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கும் உதவிச் சம்பளம்தான். 1907-ல் நடந்த கணிதப் பரீட்சையில் மூன்றாவதாகத் தேறினார்.

டிரினிடி கல்லூரி என்றதும் தமிழர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜம், 1914-ல் கப்பலேறிப் போய்ச் சேர்ந்ததும் இதே டிரினிடி கல்லூரிதான். லண்டன் ராயல் சொசைட்டி என்பது விஞ்ஞானிகளின் மிகப் பெரிய சபை. அதில் ராமானுஜம் 1918-ல் உறுப்பினர் ஆனார். ஹில்லும் அதே 1918-ல்தான் உறுப்பினர் ஆனார்!

கணக்கிலிருந்து தவளைக்கு

கணக்கில் தேறிய ஹில், வாழ்நாள் முழுவதும் கணக்கோடு இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு குறை. கணக்கு காகிதத்தில் இருக்கிறது. உயிருள்ள பொருளில் அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். அவருடைய ஆசிரியர் வால்டர் பிளெட்சர் உடலியல் நிபுணர். அவர் ஹில்லை உடலியல் பக்கம் திருப்பினார்.

ஹில் எடுத்துக் கொண்டது தவளையின் தொடைச் சதை!

சதை சுருங்கும்போது சூடு உண்டாகிறது. குளிரில் கை கால்களை உதறினால் சூடேறுவது இதனால்தான். அந்தச் சூடு எவ்வளவு? எப்போது உண்டாகிறது? சுருங்கும்போதா, சுருங்கி முடிந்த பிறகா? இதைத்தான் ஹில் அளக்க விரும்பினார்.

தவளையின் சதை ஒரு தடவை துடித்தால் உண்டாகும் சூடு, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குதான். நாம் காய்ச்சல் பார்க்கும் கருவியில் அது தெரியவே தெரியாது. ஹில் அதற்கென்று நுட்பமான மின்சாரக் கருவிகளை அமைத்தார். ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள நிபுணர்களிடமும் கற்று வந்தார். வருஷக் கணக்கில் பொறுமையாக அளந்தார்.

முடிவு ஆச்சரியமாக இருந்தது. சதை வேலை செய்யும்போது ஒரு பங்கு சூடு வருகிறது. வேலை முடிந்து சும்மா இருக்கும்போதும் சூடு வந்து கொண்டே இருக்கிறது! அந்த இரண்டாவது சூட்டுக்குத்தான் பிராணவாயு வேண்டும். பிராணவாயு இல்லாத இடத்தில் சதையை வைத்தால் முதல் சூடு வருகிறது. இரண்டாவது சூடு வருவதில்லை.

அடுப்பில் சமையல் முடிந்த பிறகும், பாத்திரம் கழுவும் வேலை பாக்கி இருப்பது போல!

சண்டைக்குப் போன கணக்கர்

1913-ல் ஹில்லுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மார்கரெட், பிரபல பொருளாதார நிபுணர் கெயின்சின் தங்கை. பின்னாளில் வயோதிகர்களுக்கு வீடு அமைத்துக் கொடுக்கும் தொண்டில் பெயர் பெற்ற பெண்மணி.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஹில் படையில் சேர்ந்தார். எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்த வேண்டுமானால், அது எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று தெரிய வேண்டும். ஹில் கண்ணாடிகளை வைத்து அதைக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்தார். கணித நிபுணர்கள் பலரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். கிழவர்களும் இளைஞர்களும் கலந்த அந்தக் குழுவுக்கு, ஹில்லின் கொள்ளைக் கூட்டம் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள்.

போர் முடிந்தது. 1920-ல் ஹில் மான்செஸ்டர் நகரில் பேராசிரியர் ஆனார். தவளையில் கண்டதை மனிதனிடம் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போது அவருக்கு வந்தது.

மனிதனை எங்கே பிடிப்பது? தூரத்தில் தேட வேண்டியதில்லை. ஹில்லே ஓட்டக்காரர் ஆயிற்றே!

முதுகில் பை, வாயில் குழாய்

புல்தரையில் ஹில் ஓடினார். முதுகில் காற்றுப் புகாத ஒரு பெரிய பை. வாயில் ஒரு குழாய். மூக்கை அடைத்து ஒரு கிளிப். வெளியே விடும் மூச்சு முழுவதும் அந்தப் பைக்குள் போய் நிறையும்.

பிறகு பையில் உள்ள காற்றைச் சோதிப்பார்கள். உள்ளே இழுத்த காற்றில் எவ்வளவு பிராணவாயு இருந்தது என்பது தெரிந்த விஷயம். வெளியே வந்த காற்றில் எவ்வளவு மிச்சம்? இரண்டையும் கழித்தால், உடம்பு எடுத்துக் கொண்ட பிராணவாயு எவ்வளவு என்று தெரிந்து விடும். வரவு செலவுக் கணக்கு போலத்தான்.

ஹில்லும், அவருடைய கூட்டாளி ஹார்ட்லி லப்டன் என்பவரும் சேர்ந்து இந்தச் சோதனைகளைச் செய்தார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு ஒரு நிமிஷத்துக்குக் கால் லிட்டர் பிராணவாயு போதும். மெதுவாக ஓடினால் அதிகம் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் அதிகம். வேகம் கூடக் கூட, பிராணவாயுவும் கூடிக் கொண்டே போயிற்று.

ஆனால் ஓர் எல்லை வந்தது!

ஹில்லின் உடம்பு நிமிஷத்துக்குச் சுமார் 4 லிட்டர் பிராணவாயு எடுத்தது. அதற்கு மேல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த 4 லிட்டர் கூடவில்லை. இருதயமும் நுரையீரலும் கொண்டு வந்து கொட்டக்கூடியது அவ்வளவுதான்!

குழாயில் வரும் தண்ணீரைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் எத்தனை குடம் வேண்டுமானாலும் இருக்கலாம். குழாய் எவ்வளவு பருமனோ, அவ்வளவு தண்ணீர்தான் வரும்.

இந்த எல்லைதான் ஒருவருடைய மூச்சுப் பலத்தின் அளவு. இதை உடம்பின் எடைக்குக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிமிஷத்துக்கு 3 லிட்டர் எடுக்கிறார் என்றால், ஒரு கிலோவுக்கு 50 மில்லி லிட்டர். இந்த எண் பெரிதாக இருந்தால், நெடுநேரம் உழைக்கும் சக்தி அதிகம்.

கடன் வாங்கும் உடம்பு

எல்லையைத் தாண்டியும் கொஞ்ச நேரம் ஓட முடிகிறதே, அது எப்படி?

அதற்கும் ஹில் பதில் சொன்னார். உடம்பு கடன் வாங்குகிறது! கைவசம் உள்ள பிராணவாயு போதாவிட்டால், பிராணவாயு இல்லாமலே சக்தியை உண்டாக்கும் குறுக்கு வழி ஒன்று சதைக்குத் தெரியும். வேலை முடிந்த பிறகு அந்தக் கடனை அடைக்க வேண்டும். ஓடி நின்ற பிறகும் நாம் இளைப்பது இதனால்தான்.

சம்பளம் போதாதவன் கைமாற்று வாங்கி மாதத்தை ஓட்டுகிறான் அல்லவா? அதே கதை. கடனுக்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் கால் நகராது.

இளைப்பின் காரணம் முழுவதும் இந்தக் கடன்தான் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. உடம்புச் சூடும், வேறு சில மாறுதல்களும் அதில் சேரும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனால், பிராணவாயுவுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று ஹில் கண்டது மட்டும் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.

பகைவர்கள் பங்கிட்ட பரிசு

தவளைச் சதையின் சூட்டை அளந்ததற்காக ஹில்லுக்கு 1922-ம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசில் பாதி அவருக்கு. மறுபாதி ஆட்டோ மேயர்ஹாப் என்பவருக்கு.

மேயர்ஹாப் ஜெர்மனியர். நாலு வருஷங்களுக்கு முன்புதான் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஒன்றையொன்று கொன்று குவித்துக் கொண்டிருந்தன. அந்த இரண்டு நாட்டு விஞ்ஞானிகள் ஒரே பரிசைப் பங்கிட்டுக் கொண்டார்கள்! இருவரும் நல்ல நண்பர்களாகவும் இருந்தார்கள்.

1923-ல் ஹில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறினார். பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஓட்டப் பந்தய வீரர்களைச் சோதித்தார். வீரரின் உடம்பில் ஒரு சிறிய காந்தம் கட்டப்பட்டது. ஓடுபாதை ஓரத்தில் கம்பிச் சுருள்களை வைத்தார்கள். வீரர் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது மின்சாரம் துடிக்கும். அதைக் கொண்டு வேகத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டார்.

அமெரிக்காவில் ஒரு சொற்பொழிவின்போது வயதான ஒருவர் எழுந்து, இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று கோபமாகக் கேட்டார். முதலில் ஹில் ஏதேதோ பயன்களை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர் முகம் மலரவில்லை. கடைசியில், இது வேடிக்கையாக இருப்பதால் செய்கிறோம் என்று உண்மையைச் சொல்லி விட்டார். கூட்டம் சிரித்தது.

வேடிக்கைக்குச் செய்ததுதான் பின்னாளில் பலருக்கு உதவியது.

சாய்ந்தது கொள்கை, சாயவில்லை மனிதர்

சதை சுருங்குவதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்று ஹில்லும் மேயர்ஹாபும் நம்பினார்கள். உலகமே அப்படித்தான் நம்பியது.

1930-ல் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஐனார் லுண்ட்ஸ்கார்டு என்பவர் ஒரு சோதனை செய்தார். ஒரு மருந்தைக் கொடுத்து, லாக்டிக் அமிலமே உண்டாகாமல் தடுத்தார். அப்போதும் சதை சுருங்கியது!

நோபல் பரிசு பெற்றவரின் கொள்கை சாய்ந்தது. வேறொருவராக இருந்தால் வாதாடியிருப்பார். ஹில் வாதாடவில்லை. 1932-ல் அவரே ஒரு கட்டுரை எழுதி, சதை பற்றிய அறிவில் புரட்சி நடந்து விட்டது என்று உலகத்துக்கு அறிவித்தார்.

1938-ல் மறுபடியும் ஒரு புதிய உண்மையைக் கண்டார். சுமை கூடினால் சதை சுருங்கும் வேகம் குறையும். எவ்வளவு கூடினால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கே எழுதினார். பெரிய மூட்டையைத் தூக்கியவன் ஓட முடியாததன் கணக்கு அது.

அடைக்கலம் கொடுத்தவர்

1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து விரட்டினான். அவர்களுக்கு வேலையும் சோறும் தேடித் தர இங்கிலாந்தில் அறிஞர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதை அமைத்தவர்களில் ஹில் முக்கியமானவர். நூற்றுக்கணக்கான அறிஞர்களுக்கு அந்தச் சங்கம் உதவியது.

1935-ல் பெர்னார்டு கட்ஸ் என்ற இளைஞர் ஜெர்மனியிலிருந்து வந்து ஹில்லின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். 1970-ல் அந்த இளைஞரும் நோபல் பரிசு பெற்றார்!

நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொண்ட மேயர்ஹாபும் யூதர்தான். அவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1940-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

இந்தியாவில் ஹில்

இரண்டாம் உலகப் போரின்போது ஹில் பார்லிமெண்டு உறுப்பினராக இருந்தார். 1943-ம் ஆண்டு நவம்பர் மாதம் இந்தியாவுக்கு வந்தார். விஞ்ஞான ஆராய்ச்சியை எப்படி வளர்ப்பது என்று யோசனை சொல்ல, இந்திய அரசாங்கம் அவரை அழைத்திருந்தது.

அது வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு. லட்சக்கணக்கானவர்கள் மடிந்த காலம். 1944 ஏப்ரல் வரை ஹில் இந்தியாவில் இருந்தார். உணவு, உடல் நலம், ஜனத்தொகை, நாட்டின் இயற்கைச் செல்வம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றைச் சரி செய்ய முடியாது என்று அவர் கண்டார்.

இந்தியாவுக்கு உயர்தரமான அகில இந்திய மருத்துவ நிலையம் ஒன்று வேண்டும் என்று தன் அறிக்கையில் எழுதினார். 1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கையும் அதை வற்புறுத்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1956-ல், டெல்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் தோன்றியது. எய்ம்ஸ் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

ஹில்லின் மகள் பாலியும் பின்னாளில் இந்தியாவுக்கு வந்தார். கர்நாடக கிராமங்களில் தங்கி, விவசாயக் குடும்பங்களைப் பற்றி ஆராய்ந்து புத்தகம் எழுதினார்.

எல்லைக்குப் போகாமல் எல்லையை அறிவது

ஹில் தம்முடைய எல்லையை எப்படிக் கண்டார்? மூச்சு முட்ட ஓடிக் கண்டார். எல்லோரையும் அப்படி ஓட விட முடியுமா?

ஐம்பது வயதுக்காரரை, மாரடைப்பு வந்து பிழைத்தவரை, பையை மாட்டி எல்லை வரை ஓடு என்று சொன்னால் உயிருக்கே ஆபத்து. கருவிகளும் விலை அதிகம். டாக்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே, பாதி தூரம் ஓட விட்டு முழுத் தூரத்தைக் கணக்கிட வழி உண்டா என்று ஹில்லுக்குப் பின்னால் வந்தவர்கள் யோசித்தார்கள். வழி கிடைத்தது. அந்த வழி நாடித் துடிப்பு!

வேலை கூடினால் பிராணவாயு கூடுகிறது. கூடவே நாடியும் கூடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சீராக ஏறுகின்றன.

அண்ணனும் தம்பியும் ஒரே எடை என்று வைத்துக் கொள்ளுங்கள். இருவரும் ஒரே படியை ஒரே வேகத்தில் ஏறி இறங்குகிறார்கள். இருவருக்கும் வேண்டிய பிராணவாயு ஏறக்குறைய ஒன்றே. அண்ணனின் நாடி 110. தம்பியின் நாடி 150. அண்ணனின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் கொண்டு வருகிறது. அவருக்கு இன்னும் ஏற இடம் இருக்கிறது. தம்பி எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார்!

இந்த அடிப்படையில் பல சோதனைகள் வந்தன.

நாலு சோதனைகள்

முதலாவது, ஹார்வர்டு படிச் சோதனை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் தோன்றியது. 20 அங்குல உயரப் பலகையில் நிமிஷத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிஷம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, மூன்று முறை அரை நிமிஷ நாடி பார்ப்பார்கள். ஏறிய நேரத்தை வினாடியில் எழுதி, 100-ஆல் பெருக்கி, மூன்று நாடிகளின் கூட்டுத் தொகையை இரண்டு மடங்காக்கி அதால் வகுக்க வேண்டும். மூன்று நாடிகள் 75, 60, 50 என்றால் கூட்டுத் தொகை 185. முப்பதாயிரத்தை 370-ஆல் வகுத்தால் 81. இது நல்ல மதிப்பெண். 90-க்கு மேல் மிகச் சிறப்பு. 55-க்குக் கீழே பலவீனம்.

லாபம், பலகையும் கடிகாரமும் போதும். நஷ்டம், மிகவும் கடினம். பலருக்கு இது எல்லைக்கே இழுத்துப் போய்விடும். குட்டையானவர்களுக்கு 20 அங்குலம் அதிக உயரம். வாலிபச் சிப்பாய்க்குப் பொருந்தும். வீட்டுப் பெரியவருக்குப் பொருந்தாது.

இரண்டாவது, ஸ்வீடன் நாட்டுச் சைக்கிள் சோதனை. பெர் ஓலாப் ஆஸ்ட்ரான்ட் என்பவரும், பின்னாளில் அவருக்கு மனைவியான இர்மா ரைமிங் என்பவரும் 1954-ல் வெளியிட்டார்கள். நகராத சைக்கிளைச் சுமார் 6 நிமிஷம் மிதிக்க வேண்டும். நாடி 125-க்கும் 170-க்கும் நடுவில் நிற்கும்படி பளுவை வைப்பார்கள். எல்லையில் பாதி அளவு உழைக்கும் வாலிபனுக்கு நாடி சராசரி 128, வாலிபப் பெண்ணுக்கு 138 என்று அவர்கள் கண்டிருந்தார்கள். நாடியையும் பளுவையும் ஒரு படத்தில் குறித்துக் கோடு போட்டால், எல்லை எவ்வளவு என்று தெரியும். வயதானவர்களுக்காக ஒரு திருத்தத்தை 1960-ல் இர்மா சேர்த்தார்.

லாபம், பளு எவ்வளவு என்று திட்டமாகத் தெரியும். விழுந்து விடுவோமோ என்ற பயம் இல்லை. நஷ்டம், கருவி வேண்டும். சைக்கிள் விட்டுப் பழகாதவர்களுக்கு மூச்சு முட்டுவதற்கு முன்பே தொடை வலித்து விடும்.

மூன்றாவது, மூன்று நிமிஷப் படிச் சோதனை. ஒய்.எம்.சி.ஏ. முறையில் படியின் உயரம் 12 அங்குலம். நிமிஷத்துக்கு 24 தடவை. மூன்று நிமிஷம் முடிந்ததும் உட்கார்ந்து, ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும். சென்னைக்கு ஒய்.எம்.சி.ஏ. புதியதல்ல. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது.

லாபம், எளிது. நாடி குறைந்து வருகிறதா என்று மாதா மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நஷ்டம், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட இது அவ்வளவு துல்லியம் இல்லை. தாளம் தப்பினால் கணக்கும் தப்பும்.

நான்காவது, ஆறு நிமிஷ நடை. ஆஸ்பத்திரியில் 30 மீட்டர் நீளமுள்ள நடையில் முன்னும் பின்னும் நடக்கச் சொல்வார்கள். ஓடக் கூடாது. முடியாவிட்டால் நின்று இளைப்பாறலாம். ஆறு நிமிஷத்தில் எத்தனை மீட்டர் என்பதுதான் விடை. நுரையீரல் நோயாளிக்கும் இருதய நோயாளிக்கும் இதுவே ஏற்றது. ஆனால் நல்ல தேகக்கட்டு உள்ளவரின் எல்லையை இது காட்டாது. அவருக்கு நடை ஒரு பொருட்டே அல்ல!

எதை நம்பலாம்?

எது உயர்ந்தது என்று கேட்டால், ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு நடை. வீட்டில் இருப்பவருக்கு 12 அங்குலப் படி. கருவியும் நிபுணரும் இருந்தால் சைக்கிள். வாலிப வீரனுக்கு ஹார்வர்டு பலகை.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லையைத் தொடாத சோதனைகள் எல்லாம் மதிப்பீடுதான். அளவு அல்ல. நல்ல சைக்கிள் சோதனையிலேயே நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை வித்தியாசம் வரலாம். உண்மை 40 என்றால் விடை 34 என்றும் வரும், 46 என்றும் வரும்.

காரணம் என்ன? நாடிக்குப் பல எஜமானர்கள். சென்னை வெயிலில் நாடி ஏறும். காபி குடித்தால் ஏறும். காய்ச்சலில் ஏறும். டாக்டரைப் பார்த்த பயத்திலும் ஏறும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் நாடியை அடக்கி வைக்கும். அப்போது பலவீனனும் பலசாலி போலத் தெரிவான். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி என்று ஒரு கணக்கு உண்டு. அதுவும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு வித்தியாசப்படும்.

ஆகவே காலை வேளையில், குளிர்ந்த இடத்தில், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. நடுவில் நெஞ்சில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூட்டை சுமந்து பிழைப்பவனுக்கு உடம்புதான் முதல். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை தவறு வரக்கூடிய ஒரே ஒரு சோதனையை வைத்துக் கொண்டு, நீ லாயக்கில்லை என்று அவனை வீட்டுக்கு அனுப்புவது நியாயம் ஆகாது. சந்தேகம் வந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். டாக்டர் பார்க்க வேண்டும். அவனுக்கு எந்தச் சுமை தாங்கும், எவ்வளவு இடைவேளை வேண்டும் என்று அறிவதற்கே இந்தச் சோதனை. அவன் சோற்றில் மண் போடுவதற்கு அல்ல.

தொண்ணூறு வயது

ஹில் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய் வந்தார். சதையின் சூட்டைப் பற்றி மேலும் எழுதினார். அவருடைய இரண்டு மகன்களும் விஞ்ஞானிகள் ஆனார்கள். இருவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் ஆனார்கள்.

1977-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, கேம்பிரிட்ஜ் நகரில் ஹில் காலமானார். அப்போது அவருக்கு வயது 90.

தகப்பன் கைவிட்ட பிள்ளை, நாடு கைவிட்ட அறிஞர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். தவளையின் சதையில் தொடங்கியவர், மனித உழைப்புக்கு அளவுகோல் தந்தார். தம் கொள்கை சாய்ந்தபோது, சாய்ந்தது என்று தாமே சொன்னார்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு என்று அவர் கண்டார். அந்த எல்லை எல்லோருக்கும் அசையாத சுவர் அல்ல. பல வாரங்கள் தவறாமல் நடந்தாலும், சைக்கிள் மிதித்தாலும், பெரும்பாலோருக்கு அது கொஞ்சம் உயரும். முன்பு 130 அடித்த நாடி, அதே படிக்கு 120 அடிக்கும். அந்தப் பத்துத் துடிப்பு, உழைப்பால் கிடைத்த லாபம்!